மார்த்தாவுக்குப் பங்கு உண்டா?

ஜனவரி 4, சனி

காலையில் தவிடு வாங்கி வந்தேன். கிழக்கு வேலியில் கிளுவை இரண்டு இடத்தில் பட்டுப்போய்ச் சந்து விழுந்திருக்கிறது. புதுக் குச்சி வெட்டி நட வேண்டும்.

சாயங்காலம் ‘கரும்பாறை: மார்த்தா’ முதல் பாகம் பார்த்தோம். ‘கரும்பாறைப் பண்ணை’ தொடரின் இரண்டாவது கிளைத் தொடர் இது. மூலத் தொடரில் அமெரிக்காவில் ஏதோ மலையடிவாரம், கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் காடு, அதன் சொந்தக்காரர் வாரன் என்ற கிழவர். நிலத்தைப் பிடுங்க வருகிறவன் எவனாக இருந்தாலும் துப்பாக்கியோடுதான் பேசுவார். தமிழில் பேச வைத்திருக்கிறார்கள் என்பதால் குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு ‘அற்பப் பதரே’ என்று திட்டுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அது முடிந்ததும் அவருடைய தாத்தா கதை என்று ஒன்று வந்தது. இப்போது வாரன் பெற்ற மகள், கல்யாணம் செய்துகொண்டு வெளியே போய்விட்ட மார்த்தாவின் கதை. மாடு ஒன்றுதான், கறக்கிற ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்.

தம்பி திருமூர்த்தி இதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறான். சொந்தக்காரர்கள் மட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்து முடித்ததும் அவரவர் கருத்தைப் போட வேண்டும். சென்னிமலை மாமாவுக்கு எப்போதும் ஒரே கருத்து: இத்தனை மாடு காட்டுகிறான், ஒருத்தனாவது பால் கறக்கிறானா, சாணி அள்ளுகிறானா? திருமூர்த்திக்குத் துப்பாக்கிச் சண்டை இல்லாததில் வருத்தம். பொம்பளை கதை இழுவை என்று எழுதினான். நானும் அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதினேன்.

அப்போதுதான் ஓசூரிலிருந்து தங்கை வசந்தாமணியின் குரல் பதிவு வந்தது. மூலத் தொடர் ஓடிய காலமெல்லாம் கட்டைவிரல் படத்துக்கு மேல் ஒன்றும் போடாதவள். “மார்த்தா அத்தன தூரத்துல இருந்து வந்து பண்ணைக் கேட்டு முன்னால நிக்கறா. ஒருத்தராச்சும் உள்ள வா கண்ணுன்னு சொல்லலியேங்கண்ணா. எனக்கு மனசே ஒரு மாதிரி ஆயிப்போச்சு.”

இதை நான் மூன்று தடவை கேட்டேன். என் வீட்டுக்காரி ருக்குமணி, நல்லாத்தானே சொல்கிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றாள். அவளுக்கு எல்லாம் வெள்ளந்தி. குடுமி சும்மா ஆடாது. ஐப்பசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். வாரிசுச் சான்றிதழில் என் பெயர், வசந்தாமணி பெயர், திருமூர்த்தி பெயர் மூன்றும் வந்திருக்கின்றன. பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு, சுற்றிலும் வேலி போட்ட மேய்ச்சல் நிலம், அதில் மேய்வது என்னுடைய காங்கேயம் மாடுகள். அப்பா இருந்தவரை பேசாமல் இருந்தவளுக்கு இப்போது, வெளியே போன மகளைப் பார்த்து மனசு ஒரு மாதிரி ஆகிறது.

ஜனவரி 5, ஞாயிறு

கிளுவைக் குச்சி நட்டேன். தோள் வலி.

ஜனவரி 9, வியாழன்

சூரிய மின்சாரக் கம்பெனியிலிருந்து ஒருத்தன் வந்தான். முப்பது வருடக் குத்தகைக்குக் காடு வேண்டுமாம். தகடு பதிக்கிறவர்களுக்கு நிழல் ஆகாது, வெள்வேல மரம் முழுக்க வெட்ட வேண்டும், வேலியைப் பிடுங்கிக் கம்பி போட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மாடு எங்கே மேயும் என்று கேட்டேன். தீவனம் வாங்கிப் போடுங்கள் என்றான். வாரனாக இருந்தால் சுட்டிருப்பார். நான் டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

போகிறபோது அந்தக் கொய்யாக் கிணற்றுப் பக்கம்தான் தார் ரோட்டை ஒட்டி இருப்பதால் தோது என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கிணற்றின் பக்கத்தில் கொய்யா மரம் இருந்ததே நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதுதான். அந்தப் பெயர் வீட்டுக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரில் எல்லாருக்கும் அது ரோட்டுக் கிணறு.

கொய்யாப் பழத்துக்காக நாள் பூரா அங்கேயே கிடந்தவள் யார்? வசந்தாமணி.

அவன் வண்டி திரும்பிய கொஞ்ச நேரத்தில் திருமூர்த்தி போன் செய்தான். யாராவது வந்தார்களா என்று கேட்டான். விவரம் சொன்னேன். அண்ணா, பார்த்துக் கவனமாக இருந்துகொள்ளுங்கள் என்றான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் மூச்சு விட நேரமில்லாதவன். ஆனாலும் காட்டைப் பற்றி அவனுக்கு இருக்கிற அக்கறை பெரிது.

ஜனவரி 11, சனி

இரண்டாவது பாகம். மார்த்தா பழைய வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாள், தன்னுடைய அறையில் குதிரைச் சேணங்கள் கிடப்பதைப் பார்த்து நிற்கிறாள், அவ்வளவுதான் கதை. குழுவில் எல்லோரும் கழுவி ஊற்றினார்கள். தாத்தா கதையில் ஒரு பாகத்துக்கு நான்கு பேராவது செத்தார்கள், இதில் ஒரு கோழிகூடச் சாகவில்லை என்று மாமா எழுதினார். நான் எழுதியது: ‘பண்ணையைப் பங்கு போட்டால் அது பண்ணை இல்லை, மனை.’ நிறையப் பேர் கைதட்டல் போட்டார்கள். வசந்தாமணிக்கும் உறைக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

உறைத்ததா என்று தெரியவில்லை. எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நம்ம கிழக்கு அறையில் இப்போது யார் படுக்கிறார்கள், இல்லை பருத்திக்கொட்டை மூட்டை போட்டிருக்கிறீர்களா, மழைக்கு அந்த மூலை ஒழுகுமே, ஓடு மாற்றினீர்களா என்று கேள்விமேல் கேள்வி.

ஜப்திக்கு வருகிறவன்கூட இப்படி விசாரிக்க மாட்டான். மூட்டைதான் கிடக்கிறது என்று ஒரு வரி போட்டேன்.

திருமூர்த்தியிடம் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தினான். பிறகு, அக்கா ஓசூரில் ஒரு வக்கீலைப் பார்ப்பதாகக் காதில் விழுந்தது, உறுதியாகத் தெரியாது, நான் சொன்னதாகக் கேட்டுவிடாதீர்கள் என்றான். நான் ஏன் கேட்கப்போகிறேன்? கேட்டால் உஷாராகிவிடுவாள்.

ஜனவரி 15, புதன்

பட்டிப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, பட்டியில் பொங்கல் வைத்தோம். காளை முறைத்துக்கொண்டே நின்றது. அதற்கும் என்மேல் ஏதோ கோபம்.

நான்கு நாட்களுக்கு முன்பே வசந்தாமணி போன் செய்து, இந்தத் தடவை பட்டிப் பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு பொங்கலுக்கு வந்ததே இல்லை. மகன் வீட்டில் ஓசூரிலேயே இருந்துகொள்வாள். இந்த வருடம் மட்டும் என்ன வந்தது? ருக்குமணிக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். சீரை விட்டுவிட முடியாது. புடவை, அரிசி, வெல்லம் எல்லாம் பெட்டியில் கட்டிப் பார்சல் சர்வீஸில் போட்டேன். ருக்குமணிக்கு இது இன்று காலையில்தான் தெரிந்தது. பொங்கல் பானையைச் சத்தமாக இறக்கிவைத்தாள்.

புடவை கிடைத்தது, நிறம் நன்றாக இருக்கிறது என்று வசந்தாமணி எழுதியிருந்தாள். கோபம் இருந்தால் காட்ட வேண்டியதுதானே? காட்டாதவர்களிடம்தான் பயமே.

ஜனவரி 18, சனி

இன்று குழுவில் பெரிய கூத்து. மூன்றாவது பாகத்தில் வாரனின் வக்கீல் வந்து, மார்த்தா வழக்குப் போட்டால் பண்ணையில் ஒரு பாகம் போய்விடும் என்று எச்சரிக்கிறான். பார்த்து முடித்ததும் திருமூர்த்தி ஒரு வாக்கெடுப்பு வைத்தான். ‘மார்த்தாவுக்குப் பங்கு உண்டா?’ உண்டு, இல்லை, கருத்து இல்லை என்று மூன்று கட்டம். விளையாட்டுத்தான், ஆனால் என் தம்பி லேசுப்பட்டவன் இல்லை. ஆளுக்கு ஆள் மனசில் இருப்பதை வெளியே எடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அநேகமாக எல்லோரும் ‘இல்லை’ போட்டார்கள். நான் காத்திருந்து பார்த்தேன். வசந்தாமணியும் ‘இல்லை’ போட்டிருந்தாள்.

முதலில் நிம்மதியாக இருந்தது. கைகால் கழுவிவிட்டு வந்து யோசித்தபோதுதான் புத்தி வந்தது. பங்கு வேண்டாதவள் ‘கருத்து இல்லை’ என்று போட்டுவிட்டுப் போயிருப்பாள். ‘இல்லை’ என்று அழுத்திச் சொல்கிறாள் என்றால் நம்மைத் தூங்கவைக்கப் பார்க்கிறாள். வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பான்.

‘உண்டு’ என்று ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. யாரென்று தொட்டுப் பார்த்தால் என் வீட்டுக்காரி. அடுப்படியில் போய்க் கேட்டேன். படத்துக்குத்தானே போட்டேன், அந்தப் பொண்ணு பாவம் என்றாள். ஒரு கூரைக்குக் கீழே எதிர்க்கட்சி.

ஜனவரி 22, புதன்

வசந்தாமணியிடமிருந்து நேற்று வந்த பதிவைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “மார்த்தா சொல்றா பாருங்கண்ணா, ஒரு மாடு, ஒரு மூலை, அது போதும் எனக்குன்னு. அந்த எடம் எனக்கு ரொம்பப் புடிச்சுதுங்கண்ணா. நம்மூட்டுச் செவலை கன்னு போட்டுதுங்களா?”

எந்த மூலை? எனக்குத் தெரியாதா. கொய்யாக் கிணற்று மூலைதான், ரோட்டை ஒட்டியது. சூரியக் கம்பெனிக்காரன் கேட்டதும் அதே மூலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். பங்கை வாங்கிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு மாதாமாதம் ஓசூரில் உட்கார்ந்து சாப்பிடப் பார்க்கிறாள். வேலியே பயிரை மேய்கிற கதை. என் கல்யாணத்தில், கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீரை எனக்குச் செய்தவள். கொட்டகையில் எல்லோரும் பார்க்க அழுதாள் அன்று.

செவலை கன்று போட்டுவிட்டதைச் சொல்லவில்லை. மாட்டுக் கணக்கு அவளுக்கு எதற்கு.

ஜனவரி 25, சனி

நான்காவது பாகம். இழுவை.

ஜனவரி 27, திங்கள்

திருமூர்த்தி வந்திருந்தான். இனி தள்ளிப்போட்டால் ஆபத்து, அக்காவிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுவோம், நம் இருவருக்கும் விட்டுக்கொடுத்ததாக என்றான். பத்திரம் எழுதுகிறவரையும் அவனே பேசி வைத்துவிட்டான். நம் பக்கத்தில் கூடப் பிறந்தவளைச் சீர் செனத்தியோடு அனுப்பிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வது உலக வழக்கம்தான். அப்பா அதை அப்போதே செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

அவளை எப்படி வரவழைப்பது என்பதுதான் கேள்வி. வழி எனக்குத் தோன்றியது. கடைசிப் பாகத்தை எல்லோரும் நம் வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம், நீயும் வா என்று குழுவிலேயே அழைத்தேன். அழைத்த உடனே பதில் வந்துவிட்டது. வருகிறாளாம். எத்தனை நாள் இருக்கட்டும் என்று கேட்டாள். உன் வீடு, உன் இஷ்டம் என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் கூசியது. ஆனால் நிலம் என்று வந்துவிட்டால் வாரனும் இப்படித்தான் பேசுவார்.

பிப்ரவரி 1, சனி

ஐந்தாவது பாகத்தில் வாரன் பத்திரத்தை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போடு, இல்லையென்றால் இந்தப் படியை மிதிக்காதே என்கிறார். குழுவில் ஒரே கொண்டாட்டம். கிழவர் மறுபடி கிழவராகிவிட்டார் என்று மாமா எழுதினார்.

வசந்தாமணி, அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தர் ஒரு தடவை கேட்டிருந்தால் கதை முதல் பாகத்திலேயே முடிந்திருக்குமே என்றாள். அப்படியானால் கிளைத் தொடரே இருக்காதே அக்கா என்று திருமூர்த்தி சிரிப்புப் பொம்மை போட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

வந்துவிட்டாள்.

ஒரு படம் பார்க்க வருகிறவள் இவ்வளவு கொண்டுவருவாளா? இரண்டு பெரிய பெட்டி, ஒரு கட்டைப்பை, தையல் மெஷின் வேறு. வேனில் வந்து இறங்கினாள். பெட்டியை நான்தான் இறக்கினேன், கல் மாதிரி கனம். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, எல்லாம் என் சாமான்தானுங்கண்ணா என்றாள். காகிதக்கட்டு ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காபி குடித்த கையோடு காட்டுக்குள் போனாள். படலைத் திறந்து உள்ளே போய், மறக்காமல் சாத்திக் கட்டினாள். கொழுக்கட்டைப் புல் நன்றாகக் காய்ந்திருக்கிறது, சித்திரை வரை தாங்கும் என்றாள். கன்றைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை நக்கவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் எப்படிச் சிரிப்பாளோ அப்படியே. நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்று மூலைப் பக்கம் போகிறாளா என்று கவனித்தேன். போனாள். ரொம்ப நேரம் நின்றாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். இந்த இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுவிடாதீர்கள் என்றாள். பார்த்தாயா, வாயிலிருந்தே வந்துவிட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் கிழக்கு அறையிலிருந்து மூட்டைகளை ருக்குமணியும் அவளும் சேர்ந்து நகர்த்தினார்கள். இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. என் வீட்டில் எனக்குத் தெரியாமல் என்ன நடக்கிறது?

நாளைக்குக் காங்கேயத்தில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, கூட வா என்றேன். சரி என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

முடிந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முகூர்த்த நாள் கூட்டம். திருமூர்த்தி முன்பே வந்து காத்திருந்தான். பத்திரம் எழுதுகிறவர் வாசித்துக் காட்டினார். வசந்தாமணி முழுவதையும் கேட்டாள். பிறகு திருமூர்த்தியை ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் செல்போனில் என்னவோ தேடிக்கொண்டிருந்தான்.

“இதுல நாங் கையெழுத்துப் போட்டா உங்களுக்குத்தானுங்கண்ணா நல்லதில்ல. நல்லா ரோசனை பண்ணிட்டீங்களா?” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மிரட்டுகிறாயா என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்களே கேக்கறப்ப நான் யாருக்காக வெச்சுக்கறதுங்கண்ணா” என்றாள். ஆக, இத்தனை நாள் மனசில் பிடித்து வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள்.

சம்மதத்தோடுதான் எழுதிக்கொடுக்கிறீர்களா என்று சார்பதிவாளர் கேட்டார். ஆமாம் என்றாள். ரேகை வைத்தாள், போட்டோவுக்கு நேராகப் பார்த்தாள். வெளியே வந்ததும் திருமூர்த்தி அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். குடித்தாள்.

நான் ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். ராத்திரி எழுந்து போய்ப் பட்டியில் மாடுகளை எண்ணிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 8, சனி

கடைசிப் பாகம். கூடம் நிறைய ஆள். மாமா சென்னிமலையிலிருந்து வந்துவிட்டார். ருக்குமணி எல்லோருக்கும் கச்சாயம் சுட்டாள்.

மார்த்தா கையெழுத்துப் போட்டுவிட்டுக் குதிரையேறிப் போகிறாள். வாரன் வாசலில் நிற்கிறார். முடிந்தது. துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

குழுவில் எழுதுவதற்குப் பதிலாக இன்று நேருக்கு நேராகக் கருத்துச் சொன்னார்கள். மூலத் தொடரின் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்றார் மாமா. பண்ணை உடையாமல் தப்பித்தது, அதுவே போதும் என்றேன் நான். திருமூர்த்தி, முடிவு சூப்பர் என்றான். வசந்தாமணி சுவரோரம் உட்கார்ந்து கச்சாயத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ சொல்லு அம்மிணி என்று மாமா விடவில்லை.

“முடிவு சரிதானுங் மாமா. அவ அங்கியே இருந்திருந்தா கெழவனுக்குத்தான் தொணை. அது அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியல.”

கச்சாயம் நன்றாக இருக்கிறது என்றார் மாமா.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் வேன் வந்தது. கொண்டுவந்த அத்தனையும் திரும்ப ஏறியது. இன்னும் நான்கு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்றேன், வாய் வார்த்தைக்குத்தான். வேலை இருக்கிறது என்றாள். போகும்போது கன்றின் கயிறு இறுக்கமாக இருக்கிறது, தளர்த்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேன் ஓசூர் பக்கம் போகவில்லை. திருப்பூர் ரோட்டில் திரும்பியது. உள்ளே வந்து ருக்குமணியிடம், பார்த்தாயா, எங்கே போகிறாள் என்று கேட்டேன்.

ருக்குமணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். மகனும் மருமகளும் தை பிறந்ததுமே ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். ஓசூர் வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. திருப்பூரில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் வார்டனாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் சொல்லாமல் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தாளாம். கிழக்கு அறையில் இருந்துகொண்டு, தையல் மெஷினை ஓட்டிக்கொண்டு, மாடு பார்க்க எனக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று நினைப்பு. அதனால்தான் அத்தனை சாமான்.

அதை என்னிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டியதுதானே என்றேன். கூடப் பிறந்தவனிடம் என்ன மறைப்பு? மறைக்கிறார்கள் என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

“ஒரு மாசமாக் கேட்டுட்டுத்தான இருந்தா” என்றாள் ருக்குமணி. “அறையக் கேட்டா, கூரை ஓட்டக் கேட்டா, கன்னுக்குட்டியக் கேட்டா. பொறந்த ஊட்டுல போயி எனக்கு எடங் குடுங்கன்னு ஒரு பொம்பளை இதுக்கு மேல எப்படிங்க கேப்பா?”

அப்படியானால் வக்கீல்? கொய்யாக் கிணறு? அதெல்லாம் எனக்குத் தெரியாது என்றாள் ருக்குமணி. அதை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

கன்றின் கயிற்றைத் தளர்த்தினேன். ருக்குமணி பேசுவதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

திருமூர்த்தி வந்தான், தனியாக அல்ல. கூட வந்தவன் அந்தச் சூரியக் கம்பெனிக்காரன். இருவரும் ஒரே காரில் இறங்கினார்கள். அவன் என் தம்பியை ‘மூர்த்தி சார்’ என்று கூப்பிட்டான். புதுப் பழக்கம் மாதிரி தெரியவில்லை.

பாதிக் காட்டைப் பிரித்துக்கொடுங்கள் என்றான் திருமூர்த்தி. கிழக்குப் பாதி, ரோட்டுப் பக்கம், கிணற்றோடு. பேசி முடித்தால் நல்லது, இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போனாலும் பாதி பாதிதான் என்று சிரித்தபடி சொன்னான். மாடு எங்கே மேயும் என்று கேட்டேன். மிச்ச ஆறு ஏக்கர் இருக்கிறதே என்றான். என் மாடுகளுக்கு அது கோடை வரைக்கும் வராது. அவனும் இந்தக் காட்டில்தான் வளர்ந்தான், அவனுக்கும் தெரியும்.

எத்தனை நாளாக இந்த ஏற்பாடு என்று கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. இனி ஒளித்து என்ன ஆக வேண்டும் அவனுக்கு?

“மூணாப் பிரிச்சா எனக்கு நாலு ஏக்கருங்கண்ணா. அஞ்சுக்குக் கம்மின்னா கம்பெனிக்காரங்க தொட மாட்டேங்கறாங்க. அக்காவோட பங்கையும் எங்கூடச் சேத்துக் குடுன்னு மார்கழியிலயே கேட்டேன். மாட்டவே மாட்டேன்னுட்டா. அண்ணன் மாடு மேயற காடு, எம்பேரு அதுல இருக்கற வரைக்கும் ஒருத்தனும் உள்ள வர முடியாதுன்னா. நல்லவேளை, நீங்களே எழுதி வாங்கிட்டீங்க.”

வக்கீல் விஷயம் என்ன என்று கேட்டேன். ஏதோ காதில் விழுந்தது, தப்பாகவும் இருக்கலாம் என்றான்.

அவர்கள் கிணற்று மூலையைச் சுற்றி வந்து கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாட்கணக்கில் ஒவ்வொரு சொல்லையும் உரித்து உரித்துப் பார்த்தேன். அத்தனையும் அவள் சொற்களை மட்டும்தான். இவன் சொன்ன ஒன்றையாவது ஒரு தடவை திருப்பிக் கேட்டேனா? என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாடுகளை மேற்குப் பக்கம் விட்டுப் பழக்க ஆரம்பித்தேன். கிழக்கே திரும்பித் திரும்பி ஓடுகின்றன.

பிப்ரவரி 22, சனி

கரும்பாறையில் மூன்றாவது கிளைத் தொடர் வரப்போகிறதாம். குழுவில் மாமாதான் போட்டிருந்தார். வாரனின் இரண்டாவது மகன் கதையாம். திருமூர்த்தி அதற்குக் கைதட்டல் போட்டிருந்தான். வசந்தாமணி குழுவை விட்டு வெளியேறியதாக மேலே ஒரு வரி இருந்தது. எப்போது போனாள் என்று நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். எடுப்பாள் என்று நினைக்கவில்லை, எடுத்தாள். பின்னால் பெண்பிள்ளைகள் சத்தம், தட்டுகள் சத்தம். சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. நல்லா இருக்கீங்களாங்கண்ணா என்றாள். சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, கரும்பாறையில் இன்னொன்று வருகிறதாம், பார்ப்பாயா என்று கேட்டேன்.

“நீங்க பாருங்கண்ணா. எனக்கு அந்தக் குதிரை, துப்பாக்கி எல்லாம் எப்பவுமே புடிச்சதில்லீங்க. சனிக்கெழமையானா நீங்கெல்லாம் ஒண்ணா உக்காந்து பாக்கறீங்களேன்னுதான் நானும் அங்க தனியா உக்காந்து பாத்துட்டிருந்தேன்.”

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைக்கட்டுங்களா என்று கேட்டாள். சரி என்றேன்.